ரூ.45 ஆயிரத்துக்குள் லேப்டாப்: ஓசூர் கடையிலா, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாச்சு. "லேப்டாப் வேணும்பா" என்ற பேச்சும் வீட்டில் தொடங்கியாச்சு. அப்பா சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து, ஞாயிற்றுக்கிழமை பாகலூர் ரோட்டுப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்குகிறார். பட்ஜெட் 40 முதல் 45 ஆயிரம். கடையில் 2 லேப்டாப்பை எடுத்து வைக்கிறார்கள். "சார், இது ஐ3. இன்னும் 3 ஆயிரம் போட்டா ரைசன் 5 வரும், பறக்கும்" என்கிறார் கடைப் பையன். அந்த 3 ஆயிரத்தைப் போடலாமா, வேண்டாமா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பல வீடுகளில் இந்தக் கேள்வி உண்டு. கூடவே இன்னொரு கேள்வியும் வரும். "40 கிலோமீட்டர்ல பெங்களூரு இருக்கு, எஸ்.பி. ரோடு போனா இன்னும் குறையுமே?"

பைக், லாரி, வாட்ச், செல்போன் பாகங்கள் என எல்லாம் தயாராகும் ஊர் இது. ஒரு பாகம் லைனைத் தாண்டும் முன் அதை அளந்து பார்ப்பது இங்குள்ள பலருக்கு அன்றாட வேலை. லேப்டாப் வாங்கும்போதும் அதையே செய்யலாம். எதை அளப்பது, எதை விட்டுவிடுவது? விரிவாகப் பார்ப்போம்.

அரசு லேப்டாப்பை அளவுகோலாக வைக்கலாம்

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் முதன்முதலில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இப்போது அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கும் 'உலகம் உங்கள் கையில்' திட்டம் 2026 ஜனவரி 5 அன்று தொடங்கப்பட்டது. 2 ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்களுக்கு வழங்க, 2025-26 பட்ஜெட்டில் ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது.

ஏசர், டெல், எச்பி நிறுவனங்களின் லேப்டாப்கள் இதில் தரப்படுகின்றன. இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. இதுதான் அதன் அடிப்படை அளவு.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ, ஓசூர் அரசு கலைக் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கு அரசு லேப்டாப் கிடைக்க வாய்ப்பு இருந்தால், அவசரப்பட்டுக் கடனில் வாங்குவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தனியார் கல்லூரியில் படிப்பவர்கள் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும்.

அவர்களுக்கும் இந்த அரசு லேப்டாப் ஒரு வகையில் உதவும். பாடம் படிக்க, அசைன்மென்ட் அடிக்க, ஆன்லைன் வகுப்பு பார்க்க ஐ3-யும் 8 ஜிபியும் போதும் என்பதுதான் அதன் பொருள். 45 ஆயிரம் கொடுத்து வாங்கும்போது, இதைவிடக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் போதும்.

பின்னாடி மாத்த முடியாதது எது?

இந்த விலையில் எல்லாமே நன்றாக இருக்கும் லேப்டாப் கிடைக்காது. எங்கேயாவது ஓரிடத்தில் கம்பெனி செலவைக் குறைத்திருக்கும். அது எங்கே என்பதுதான் விஷயம்.

லேப்டாப்பில் சில பாகங்களைப் பின்னாளில் மாற்றலாம். எஸ்எஸ்டி, பேட்டரி, சில மாடல்களில் ரேம் ஆகியவை அப்படிப்பட்டவை. பிராசஸரை மாற்றவே முடியாது, அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். திரை, கீபோர்டு, பாடி ஆகியவற்றை மாற்றலாம் என்றாலும், ஆகும் செலவைப் பார்த்தால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

ஆக, கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரமும் மாற்ற முடியாத பாகத்துக்குப் போக வேண்டும். 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது என்பதற்காக மங்கலான திரையை வாங்கினால், 4 வருஷமும் அந்த மங்கலைத்தான் பார்க்க வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் 2 வருஷம் கழித்துக்கூட பெரியதாக மாற்றிக்கொள்ளலாம்.

ஐ3, ஐ5, ரைசன் 5: ஸ்டிக்கரில் இல்லாத விஷயம்

கடையில் முதலில் காட்டுவது கீபோர்டு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான். அதில் ஐ5, ரைசன் 5 என்று மட்டும்தான் இருக்கும். உண்மையான விவரம், அதற்குப் பின்னால் வரும் 4 இலக்க எண்ணில் இருக்கிறது.

ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற இரண்டு பிராசஸர்களை எடுத்துக்கொள்வோம். பெயரில் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால் 7520-இல் 4 கோர், 7530-இல் 6 கோர். ஏஎம்டியின் இந்தப் பெயர் முறையில் 3-வது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பின் தலைமுறையைச் சொல்லும். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3. முதல் இலக்கமான 7, அது எந்த ஆண்டு வரிசையில் விற்பனைக்கு வந்தது என்பதை மட்டுமே காட்டும். அதாவது புதிய பெயரில் பழைய தலைமுறையும் விற்கப்படுகிறது.

இன்டெல்லிலும் இதே கதைதான். ஐ3-1215யு பிராசஸரில் வேகமான கோர் 2, சிக்கனமான கோர் 4 என மொத்தம் 6 கோர். ஐ3-என்305 பிராசஸரில் 8 கோர் என்று போட்டிருப்பார்கள். எண்ணிக்கை கூடுதல்தான், ஆனால் 8-ம் சிக்கன வகைக் கோர்கள். ஒரே நேரத்தில் ஒரு வேலையை விறுவிறுவென்று முடிக்க, 6 கோர் உள்ள 1215யு-தான் கைகொடுக்கும்.

மேலே சொன்ன கடைக் கதைக்கு வருவோம். அங்கே இருந்த ஐ3 1215யு ஆகவும், ரைசன் 5 7520யு ஆகவும் இருந்தால், கூடுதல் 3 ஆயிரத்தைப் போடத் தேவையில்லை. அதுவே ரைசன் 5 7530யு என்றால் போடலாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, இரண்டுமே ரைசன் 5 தான். முழு எண்ணைக் கேட்காமல் விட்டதுதான் தவறாக முடியும்.

முழு எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். டெமோவுக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் செட்டிங்ஸ் போய், சிஸ்டம், அதில் கடைசியாக இருக்கும் அபவுட் என்பதைத் தட்டினால் தெரிந்துவிடும்.

ரேம்: எத்தனை ஜிபி என்பது பாதிக் கேள்விதான்

மீதிக் கேள்வி, அதைக் கூட்ட முடியுமா என்பது. சில லேப்டாப்களில் ரேம் தனிப் பலகையாக ஸ்லாட்டில் செருகப்பட்டிருக்கும். சிலவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கூட்டவே முடியாது. சிலவற்றில் 8 ஜிபி பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருப்பார்கள்.

மேலே பார்த்த ரைசன் 5 7520யு, அதன் தம்பியான ரைசன் 3 7320யு இரண்டும் பற்றவைக்கும் வகை ரேமுடன் மட்டுமே வேலை செய்யும். அந்த பிராசஸர் உள்ள லேப்டாப்பை 8 ஜிபியுடன் வாங்கினால், கடைசி வரைக்கும் 8 ஜிபி தான். "பின்னாடி ரேம் போட்டுக்கலாம் சார்" என்று யாராவது சொன்னால், "எந்த ஸ்லாட்டில்?" என்று கேட்க வேண்டும்.

விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் கேட்கிறது. அது தொடங்குவதற்கு மட்டும்தான் போதும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், திரைக்கான வேலைக்கும் இதே ரேமில் இருந்துதான் ஒரு பங்கு போகும். பிரவுசரில் பத்து டேப், பின்னால் வாட்ஸ்அப், ஒரு வேர்டு ஃபைல் எனத் திறந்தாலே 8 ஜிபியில் பெரும்பகுதி நிரம்பிவிடும். இன்றைக்கு 8 ஜிபியில் ஓட்டலாம். 4 ஆண்டு படிப்பு முடியும் வரை ஓட்ட வேண்டும் என்றால் 16 ஜிபி, இல்லையென்றால் 16 ஆக்குவதற்கு ஒரு ஸ்லாட்டாவது வேண்டும்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025-இன் கடைசி மாதங்களில் இருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக வாங்கிக் குவிப்பதே காரணம். மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த குருஷியல் பிராண்டை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. "இப்ப 8 வாங்கிட்டு, அப்புறம் சல்லிசா கூட்டிக்கலாம்" என்ற பழைய கணக்கு இப்போது சரிப்பட்டு வராது. லேப்டாப்பிலேயே 16 ஜிபியாக வாங்கும்போது கூடுதலாகும் தொகையையும், தனியாக 8 ஜிபி ரேம் வாங்க ஆகும் தொகையையும் அன்றைய விலையில் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டினால், எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். பற்றவைத்த ரேமையும் சில மாடல்கள் ஸ்லாட் என்றே கணக்குக் காட்டும் என்பதால், மாடல் எண்ணைப் போட்டு கம்பெனியின் இணையதளத்திலும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

512 ஜிபி போட்டிருக்கு, 476 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. கம்பெனிகள் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. விண்டோஸ் கணக்கிடும் முறையில் 1 ஜிபி என்பது ஏறக்குறைய 107 கோடி பைட். அதனால் 512 ஜிபி, 476 ஆகவும், 256 ஜிபி, 238 ஆகவும் தெரியும்.

கவனிக்க வேண்டியது அளவை அல்ல, வகையை. என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் நல்லது, வேகமானது, பின்னாளில் கழற்றி மாற்றலாம். மிகக் குறைந்த விலை லேப்டாப்களில் 64 அல்லது 128 ஜிபி அளவில் இஎம்எம்சி என்ற ஸ்டோரேஜ் இருக்கும். மெமரி கார்டைப் போன்ற தொழில்நுட்பம் அது. வேகம் குறைவு, பற்றவைத்திருப்பதால் மாற்றவும் முடியாது. விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாமல் திணறும். 20 ஆயிரத்துக்குப் புது லேப்டாப் என்று விளம்பரம் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

திரை: கம்பெனிகள் அதிகம் கை வைக்கும் இடம்

விலையைக் குறைக்கும்போது கம்பெனிகள் அதிகம் கை வைப்பது திரையில்தான். ஆனால் வாங்குபவர் தினமும் பல மணி நேரம் பார்க்கப்போவதும் அதைத்தான்.

3 விஷயங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, ஃபுல் எச்டி, அதாவது 1920-க்கு 1080 புள்ளிகள். இதற்குக் குறைந்தால் எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். தமிழ் எழுத்துகளில் சுழியும் கொம்பும் அதிகம் என்பதால் வித்தியாசம் இன்னும் நன்றாகவே தெரியும்.

இரண்டு, ஐபிஎஸ் பேனலா, டிஎன் பேனலா என்பது. டிஎன் திரையை நேராகப் பார்த்தால் சரியாக இருக்கும். கொஞ்சம் மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். கடையிலேயே சோதிக்கலாம். ஒரு போட்டோவைத் திறந்து வைத்து, திரையை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். முகம் கறுத்தும் வெளுத்தும் மாறினால் அது டிஎன்.

மூன்று, வெளிச்சம். இந்த விலையில் பெரும்பாலும் 250 நிட்ஸ் தான் கிடைக்கும். வீட்டுக்குள் போதும், பஸ் ஜன்னலோரம் பகலில் பார்ப்பது கஷ்டம். 300 நிட்ஸ் இருந்தால் நல்லது. விவரக்குறிப்பில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருந்தால், நிறங்கள் கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும். படிப்புக்கும் கணக்கு வேலைக்கும் பிரச்சினை இல்லை. போட்டோ எடிட்டிங், டிசைன் செய்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

14 இன்ச்சா, 15.6 இன்ச்சா?

வேலையையும் பயணத்தையும் பொறுத்துதான் சொல்ல முடியும். ஓசூரில் இருந்து தினமும் கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வரும் மாணவருக்கு 14 இன்ச் வசதி. எடை ஏறக்குறைய 1.4 கிலோ. 15.6 இன்ச் 1.6 முதல் 1.7 கிலோ வரை வரும். சார்ஜரும் புத்தகங்களும் சேர்ந்தால் தோள்பட்டை வித்தியாசத்தைச் சொல்லும்.

வீட்டிலோ கடையிலோ ஒரே இடத்தில் வைத்து வேலை என்றால் 15.6 இன்ச். டாலியில் பில் போடுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான 15.6 இன்ச் மாடல்களில் வலதுபக்கம் எண்களுக்கென்று தனி விசைகள் இருக்கும். 14 இன்ச்சில் அவை இருக்காது.

பேட்டரி: மணி நேரத்தை விடுங்க, வாட்-ஹவரைப் பாருங்க

"10 மணி நேரம் நிக்கும்" என்பது கம்பெனியின் சோதனைக் கூடத்துக் கணக்கு. பெட்டியிலோ, அடிப்பக்க ஸ்டிக்கரிலோ வாட்-ஹவர் என்று ஓர் எண் இருக்கும். இந்த விலையில் 40-ஐ ஒட்டி இருக்கும்.

சாதாரண வேலையில் லேப்டாப் 8 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 42 வாட்-ஹவர் பேட்டரி 5 மணி நேரம் சொச்சம் நிற்கும். 50-க்கு மேல் இருந்தால் ஒரு கல்லூரி நாளைச் சமாளிக்கலாம். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்பதையும் கேட்பது நல்லது. ஏறும் என்றால், சார்ஜர் தொலைந்தாலும் மாற்று சுலபமாகக் கிடைக்கும்.

மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு இது போதுமா?

ஓசூர் பக்கம் டிப்ளமோ, பொறியியல் படிக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. ஆட்டோகேட் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் கேட்கிறது. 2டி வரைபடம் என்றால் மேலே சொன்ன லேப்டாப்களில் ஓட்டலாம். சாலிட்வொர்க்ஸ் போன்ற 3டி மென்பொருளுக்கு 16 ஜிபியும் அதற்கு மேலும் வேண்டும். பெரிய அசெம்பிளி திறக்கும்போது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் திணறும். 45 ஆயிரம் பட்ஜெட்டில் புது லேப்டாப்பில் இதை எதிர்பார்க்க முடியாது.

அதனால் 3டி வேலை உண்மையிலேயே எந்த செமஸ்டரில் வருகிறது, கல்லூரி லேபில் அந்த மென்பொருள் இருக்கிறதா என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. முதல் 2 ஆண்டுக்கு லேபே போதும் என்றால், இப்போதே 70 ஆயிரம் கடன் வாங்க வேண்டியதில்லை.

தமிழ் டைப்பிங்குக்கும் தனியாகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். எம்எஸ் ஆபீஸ் இருக்கு என்று சொன்னால், ஒரு வருடச் சந்தாவா, நிரந்தரமா என்று கேட்க வேண்டும். சந்தா என்றால் அடுத்த வருடம் பணம் கட்ட வேண்டி வரும். வேண்டாம் என்பவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம்.

ஓசூரா, பெங்களூரா?

சரி, எல்லாம் பார்த்து மாடலை முடிவு செய்தாச்சு. எங்கே வாங்குவது? எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் சொல்லும் சதர் பத்ரப்பா ரோட்டில் கடைகள் அதிகம், போட்டியும் அதிகம். அதனால் விலை இறங்க வாய்ப்பு உண்டு. ஆனால் "கர்நாடகாவுல டாக்ஸ் கம்மி" என்று யாராவது சொன்னால் அது தவறு.

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி நாடு முழுக்க 18 சதவீதம்தான். 2025 செப்டம்பரில் பல பொருட்களுக்கு வரி குறைந்தபோதும் லேப்டாப்புக்கு மாறவில்லை. 45 ஆயிரம் ரூபாய் லேப்டாப்பில் வரி மட்டும் ரூ.6,864. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வாங்கினாலும் அந்தப் பக்கம் வாங்கினாலும் இதே தொகைதான். விலை குறைந்தால் அது கடைக்காரர் தன் லாபத்தில் விட்டுக்கொடுப்பது. வரி இல்லாமல் தருகிறேன் என்றால் அது பில் இல்லாத வியாபாரம். பில் இல்லையென்றால் வாரன்டி கோருவதும் புகார் கொடுப்பதும் கஷ்டம்.

ஓசூரில் சிறு தொழில் நடத்துபவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர், பெங்களூரு கடையில் கர்நாடக மாநில வரி போட்ட பில்லுடன் வாங்கினால், அந்த வரியை இங்கே உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. 1,500 ரூபாய் குறைகிறது என்று போய், 6 ஆயிரத்துக்கு மேல் விட்டுவிட்டு வர நேரலாம். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

வாரன்டியைப் பொறுத்தவரை, இந்தியாவுக்குள் விற்கப்படும் பெரிய பிராண்டுகளுக்கு எந்த ஊரில் வாங்கினாலும் நாடு முழுக்கப் பொதுவாகச் செல்லும். கேட்க வேண்டியது, ஆன்-சைட் வாரன்டியா, கேரி-இன் வாரன்டியா என்பது. ஆன்-சைட் என்றால் டெக்னீஷியன் வீட்டுக்கு வருவார். கேரி-இன் என்றால் நாம்தான் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சென்டர் ஓசூரில் இருக்கிறதா, இல்லை பெங்களூரு டிராஃபிக்கில் போய் நிற்க வேண்டுமா? ஒரு ஷிஃப்ட் லீவு போட்டால் ஆகும் சம்பள இழப்பையும் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெங்களூருவில் வாங்கிவிட்டுப் பிரச்சினை என்றால் அங்கேதான் கேஸ் போட வேண்டுமா? வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி, வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஓசூர்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதற்கட்டமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இதற்கெல்லாம் அடிப்படை, பில்.

பழைய கம்பெனி லேப்டாப் வாங்கலாமா?

பெங்களூரு ஐடி நிறுவனங்கள் கழித்துக் கட்டும் லேப்டாப்கள் எஸ்.பி. ரோட்டிலும் ஓசூரிலும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். கீபோர்டும் பாடியும் 45 ஆயிரம் ரூபாய் புது லேப்டாப்பை விட உறுதியாகவே இருக்கும். பட்ஜெட் 25 ஆயிரத்துக்குள் என்றால், இஎம்எம்சி ஸ்டோரேஜ் கொண்ட புது லேப்டாப்பை விட இது மேல். ஆனால் 3 சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது, தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-வது தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும். ஐ7 என்று போட்டிருந்தாலும் 6-வது, 7-வது தலைமுறை என்றால் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இடமில்லை. இதில் விண்டோஸ் 11 ஓடுவதாகக் காட்டினால், குறுக்கு வழியில் ஏற்றியிருப்பார்கள்.

இரண்டாவது, பூட்டு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்து முறையாக விடுவிக்கப்படாத லேப்டாப், ரீசெட் செய்ததும் பழைய நிறுவனத்தின் லாகின் கேட்கும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் தயாரிக்கும்போது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் இருக்கும். 50-இல் 30 தான் நிரம்புகிறது என்றால், புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' உண்மையிலேயே இலவசமா?

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதே 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்ன செய்தி. இப்போது நடைமுறையில் இருப்பதில், வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, பிறகு வங்கி வட்டி போடுகிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. எடுத்துக்காட்டாக வட்டி ரூ.3,000 என்றால் ரூ.540 வரி. அதோடு புராசஸிங் கட்டணம் தனி.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். மொத்தமாகப் பணம் கட்டினால் விலை குறையுமா? குறையும் என்றால், அந்தத் தள்ளுபடியை இழப்பதுதான் நோ காஸ்ட் இஎம்ஐயின் உண்மையான காஸ்ட்.

கடையில் 10 நிமிடம்: கடைசி சரிபார்ப்பு

* பிராசஸரின் முழு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ5, ரைசன் 5 என்று மட்டும் சொன்னால் ஏற்காதீங்க.
* ரேம் எத்தனை ஜிபி, கூட்ட முடியுமா? இரண்டையும் கேளுங்க.
* எஸ்எஸ்டி என்விஎம்இ வகையா? இஎம்எம்சி என்றால் வேண்டாம்.
* திரையைச் சாய்த்துப் பாருங்கள். நிறம் மாறினால் அடுத்த மாடலுக்குப் போங்க.
* நோட்பேடில் 4 வரி டைப் செய்து பாருங்கள். நடுவில் அழுத்தினால் கீபோர்டு அமுங்குகிறதா என்று கவனியுங்கள்.
* கேமராவைத் திறந்து பாருங்கள். ஆன்லைன் நேர்காணலுக்கு முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.
* சீலைக் கடைக்காரர் முன்னிலையில் பிரித்து, பெட்டியில் உள்ள சீரியல் எண், லேப்டாப்பின் அடியில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள்.
* அதே எண்ணை கம்பெனி இணையதளத்தில் போட்டு, வாரன்டி என்றைக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள். 6 மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால், பில் தேதிப்படி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இதில் ரேம், திரை, பிராசஸர் எண் மூன்றும் சரியாக இருந்தால், மற்றதில் சின்னச் சின்னக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் அடுத்த கடைக்குப் போவதுதான் லாபம்.